பாதியில் நின்ற பூக்கள்

சித்தூர், திருப்பதி வீடுகளின் டிரங்குப் பெட்டிகளில் கிடந்த எம்பிராய்டரி மீண்டும் வெளியே வருகிறது. ஊசியைக் கையில் எடுக்கும் பெண்களின் முன்னால் இரண்டு கேள்விகள். விட்டதை முடிப்பது எப்படி? முடித்ததற்கு என்ன விலை?

'ஸ்வீட்' முடிந்துவிட்டது. 'டிரீம்ஸ்' மட்டும் பாக்கி. ஆங்கில எழுத்துக்களைச் சுற்றி ஒரு ரோஜாக் கொடி. அதில் மூன்று பூக்களுக்குச் சிவப்பு நூல் ஏறியிருக்கிறது. நான்காவது பூ இன்னும் கார்பன் பேப்பரின் நீலக்கோடாகவே நிற்கிறது. துணியில் வட்டமாக ஒரு பழுப்புத் தழும்பு. கழற்ற மறந்த எம்பிராய்டரி ரிங்கின் திருகாணி துருப்பிடித்துப் பதித்த முத்திரை.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கல்யாணத்துக்குக் காத்திருந்த பெண்கள் உள்ள எந்த வீட்டிலும் இப்படி ஒரு தலையணை உறையைத் தேடி எடுத்துவிடலாம். சித்தூர் கிரீம்ஸ்பேட்டையானாலும் சரி, திருப்பதி கோவிந்தராஜ சுவாமி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களானாலும் சரி, கதை ஒன்றுதான். பள்ளியில் தையல் டீச்சர் கற்றுக்கொடுத்த சங்கிலித் தையல், காம்புத் தையல், முடிச்சுத் தையல். மேட்டித் துணியில் குறுக்குத் தையலில் ஒரு ஜோடிப் புறா. ரேடியோவுக்கு ஓர் உறை, பிறகு டிவிக்கு, அதற்குப் பிறகு ஃபிரிட்ஜுக்கு. முகூர்த்த நாள் குறித்தாகிவிட்டால் ஊசி நின்றுபோகும். குழந்தை, சமையல், மாமியார், அலுவலகம் என்று வரிசை நீள, துணி பரணுக்குப் போய்விடும்.

அந்தத் துணிகள்தான் இப்போது இறங்கி வருகின்றன. பிள்ளைகள் பெங்களூருக்கோ அமெரிக்காவுக்கோ போய்விட்ட வீடுகளில், ஓய்வுபெற்ற ஆசிரியைகளின் மத்தியான வேளைகளில், செல்போனில் ஒரு தையலை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கற்கும் மருமகள்களின் மடியில். 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது பரணைச் சுத்தம் செய்தவர்கள் பலர். அப்போது கைக்குக் கிடைத்ததைக் கீழே வைக்காமல் தொடர்ந்தவர்களும் உண்டு.

இதை வெறும் பழைய நினைவுகளின் ஏக்கம் என்று தள்ளிவிட முடியாது. கை எம்பிராய்டரிக்கு இன்று சந்தை இருக்கிறது. சந்தை இருக்கும் இடத்தில் ஏமாற்றமும் இருக்கும்.

ரவிக்கை முதுகில் ஒரு தொழில்

சித்தூர் இரண்டு மொழிகளின் ஊர். 1911ல் வட ஆற்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து உருவான மாவட்டம் இது. 1953ல் ஆந்திர மாநிலத்துக்குப் போனது. 1960ல் திருத்தணி உள்ளிட்ட பகுதிகள் சென்னை மாநிலத்துக்குத் திரும்பின. கோடு மாறியது, பேச்சு மாறவில்லை. தமிழ்நாட்டில் 'ஆரி ஒர்க்' என்று சொல்லப்படும் வேலை, இங்கே தமிழ் வீடுகளிலும் 'மக்கம் ஒர்க்'தான். மக்கம் என்றால் தெலுங்கில் தறி. துணியை நான்கு பக்கமும் இழுத்துக் கட்டும் மரச்சட்டம் தறிபோல் இருப்பதால் அந்தப் பெயர்.

கொக்கி முனை கொண்ட ஆரி ஊசி மேலிருந்து துணிக்குள் இறங்கி, கீழே இடது கை பிடித்திருக்கும் நூலைக் கவ்வி இழுத்து மேலே கொண்டுவரும். விளைவு, சாதாரண ஊசியில் ஒவ்வொன்றாகப் போட வேண்டிய சங்கிலித் தையல் மளமளவென்று ஓடும். குஜராத்தின் கட்ச் பகுதியில் தோல் தைக்கும் மோச்சிகளின் கருவியிலிருந்து பிறந்த நுட்பம் இது. ஜரிகை, ஜமிக்கி, மணிகளோடு சேர்ந்தால் மொகலாய அரண்மனைகள் வளர்த்த ஜர்தோசியின் உறவு.

கல்யாணப் புடவைக்கு வேலூருக்கோ காஞ்சிபுரத்துக்கோ போகிற சித்தூர் குடும்பங்கள், ரவிக்கைக்கு மட்டும் ஊரிலேயே ஆள் தேடுகின்றன. மணப்பெண்ணின் ரவிக்கையில் முதுகு முழுக்க மயிலோ யானையோ இல்லாவிட்டால் போட்டோவில் எடுபடாது என்பது இன்றைய விதி. பல கடைகளில் சட்டத்தின் முன் குந்தியிருப்பவர்கள் உத்தரப் பிரதேசத்திலிருந்தோ வங்காளத்திலிருந்தோ வந்த இளைஞர்கள். 'பொம்பளைங்க வேலை' என்ற பெயர் இதற்குப் பொருந்தாது. முதல் உலகப் போரில் கை கால் இழந்த சிப்பாய்களுக்காகப் பிரிட்டனில் ஒரு எம்பிராய்டரித் தொழிலே அமைக்கப்பட்டது. படுக்கையில் இருந்தபடியே அவர்கள் தேவாலயத் துணிகளுக்குப் பூ போட்டார்கள்.

கடைக்கு வெளியே, வீட்டுக்குள், பெண்கள் இருக்கிறார்கள். புடவைக்கு ஃபால்ஸ் தைத்து, பிகோ அடித்து, முந்தானைக்குக் குச்சம் கட்டித்தரும் வேலை தெருவுக்குத் தெரு நடக்கிறது. ஆரி ஊசி அதோடு சேர்ந்துகொண்டது. ஆந்திர அரசின் தேர்வுத் துறை டெய்லரிங் அண்ட் எம்பிராய்டரியில் லோயர், ஹையர் என இரண்டு நிலைகளில் தொழில்நுட்பத் தேர்வு நடத்துகிறது. ஒரு காலத்தில் தையல் டீச்சர் வேலைக்கான கடவுச்சீட்டு அது.

எதிரி தெரிந்ததுதான்: கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின். ஒரே டிசைனை ஒரே நேரத்தில் பல துணிகளில் பிசிறில்லாமல் அடித்துத் தள்ளுகிற இயந்திரத்தோடு வேகத்தில் போட்டியிடுவது வீண். கைவேலைக்கு மிச்சமிருப்பது, இயந்திரத்தால் செய்ய முடியாதது மட்டுமே: ஒரே ஒருவருக்காகச் செய்தது என்ற அடையாளம்.

காளஹஸ்தி எழுந்த கதை

பாதியில் நின்ற கைவேலையை மறுபடி தொடங்க முடியுமா என்று கேட்பவர்கள், திருப்பதியிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் பயணத்தில் பதில் தேடலாம். ஸ்வர்ணமுகி ஆற்றங்கரையில் இருக்கும் ஸ்ரீகாளஹஸ்தி (2022 ஏப்ரலில் மாவட்டங்கள் பிரிக்கப்பட்ட பிறகு திருப்பதி மாவட்டம்) கலம்காரிக்குப் பேர்போனது. அது எம்பிராய்டரி அல்ல. மூங்கில் குச்சியில் கம்பளியோ துணியோ சுற்றிய பேனாவால் துணியில் வரைவது. ஆனால் ஊசிக்குத் தேவையான அதே பொறுமைதான் முதலீடு.

துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த கரைசலில் நனைத்து உலர்த்த வேண்டும். வெல்லமும் இரும்புத் துண்டுகளும் ஊறிப் புளித்த நீரில் கறுப்புக் கோடு. சிவப்பு பிடிக்க வேண்டிய இடத்தில் படிகாரம். பிறகு ஓடும் நீரில் அலசல், சாயத்தில் கொதி, மறுபடி அலசல். அவசரப்பட்டால் கறை, ஒரு படியைத் தாண்டினால் நிறம் நிற்காது. பழைய நாளில் கோயில்களில் தொங்கிய ராமாயண, மகாபாரதக் கதைச் சீலைகள் இப்படித்தான் உருவாயின.

சுதந்திரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் இந்தக் கலை தெரிந்தவர்கள் கையளவாகக் குறைந்திருந்தார்கள். 1952ல் அமைந்த அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியமும், அதன் பின்னணியில் இருந்த கமலாதேவி சட்டோபாத்யாயவும், ஐம்பதுகளின் பிற்பகுதியில் காளஹஸ்தியில் ஒரு பயிற்சி மையம் தொடங்கக் காரணமானார்கள். ஜொன்னலகட்டா லட்சுமையா போன்ற மூத்தவர்கள் ஆசிரியர்களானார்கள். அவர் மகன் குரப்ப செட்டி 2008ல் பத்மஸ்ரீ பெற்றார். காளஹஸ்திக் கலம்காரி புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது.

கவனிக்க வேண்டியது வேறொன்று. பெரும்பாலும் ஆண்களின் கையில் இருந்த கலம்காரிப் பேனா, பின்னர் பெண்களின் கைக்கும் வந்தது. சமூக சேவகர் அனிதா ரெட்டி முன்னின்று வளர்த்த 'துவாரகா' அமைப்பில் சேர்ந்த காளஹஸ்திப் பெண்கள் வீட்டிலிருந்தபடியே வரைந்து சம்பாதிக்கக் கற்றார்கள். ஒரு கலை பிழைக்க வேண்டுமானால் தெரிந்தவர் ஒருவர், கற்க வருபவர்கள், வாங்க ஒரு சந்தை என்று மூன்றும் ஒரே நேரத்தில் வேண்டும் என்பதைக் காளஹஸ்தி காட்டுகிறது.

பேனாவும் ஊசியும் இப்போது கைகோத்தும் விட்டன. கலம்காரித் துணியிலிருந்து மயிலையோ புத்தர் முகத்தையோ வெட்டி எடுத்து, வெற்றுப் பட்டுப் புடவையிலோ ரவிக்கையிலோ வைத்து, ஓரத்தைச் சுற்றிப் பட்டன்ஹோல் தையல் போடுகிறார்கள். தஞ்சை வட்டாரத்தில் தேருக்கும் மண்டபத்துக்கும் தொம்பை செய்பவர்களின் ஒட்டுத்துணி வேலைதான் இது. இடம் மட்டும் தேரிலிருந்து தோளுக்கு மாறியிருக்கிறது.

பாட்டிகளின் பெருமை

நேரடியாக ஊசியைப் பற்றிய கதை வேண்டுமென்றால் தருமபுரி மாவட்டத்தின் சிட்லிங்கிப் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். டாக்டர் தம்பதி ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி இருவரும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே 'டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்ற பெயரில் ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். பள்ளத்தாக்கில் லம்பாடி மக்களின் தாண்டாக்கள் உண்டு. ஆந்திராவில் சுகாலிகள் என்று அழைக்கப்படும் அதே மக்கள். பழைய சித்தூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலும் அவர்களின் தாண்டாக்கள் இருக்கின்றன. கண்ணாடிச் சில்லும் சோழியும் வைத்துத் தைத்த பாவாடைகள் அவர்களின் அடையாளமாக இருந்தன.

சிட்லிங்கியில் அந்த உடை மறைந்து, தையலும் மறைந்துபோனது. நடுவயதுப் பெண்களுக்கே தெரியாது. தெரிந்தவர்களாக மிஞ்சியிருந்தது வயதான பெண்கள் ஓரிருவர் மட்டும். அவர்களிடமிருந்து இளைய பெண்கள் பழைய தையல்களைக் கற்று, 2006 வாக்கில் 'போர்கை' என்ற பெயரில் ஒரு குழுவாக அமைந்தார்கள். லம்பாடி மொழியில் போர்கை என்றால் பெருமை. அறுபதுக்கு மேற்பட்ட பெண்கள் அதில் தைக்கிறார்கள். வயலுக்கும் வீட்டுக்கும் இடையே கிடைக்கும் நேரத்தில் குர்தாக்களும் பைகளும் உருவாகின்றன.

கர்நாடகத்தின் சண்டூரில் இதே மரபு இன்னும் பெரிய அளவில் வாழ்கிறது. சண்டூர் லம்பாணி எம்பிராய்டரிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. 2023 ஜூலையில் ஹம்பியில் ஜி-20 பண்பாட்டுக் குழு கூடியபோது, 450க்கு மேற்பட்ட பெண்களின் கைவேலையான 1,755 லம்பாணிப் பொருட்கள் காட்சிக்கு வைக்கப்பட்டுக் கின்னஸில் ஏறின. நீலகிரித் தோடர்களின் கறுப்பு சிவப்பு எம்பிராய்டரிக்கு 2013லேயே குறியீடு கிடைத்தது. அங்கே டிசைன் வரைவதே இல்லை. ரிங்கும் கிடையாது. நெசவின் இழைகளை எண்ணி எண்ணித் தைக்கிறார்கள். முடித்த துணியைப் பார்ப்பவர்கள் அது தறியில் நெய்தது என்றே ஏமாந்துபோவார்கள்.

நரசாபுரத்தின் கணக்கு

இதே ஆந்திராவில் மறுபக்கமும் உண்டு. மேற்கு கோதாவரி மாவட்டத்தின் நரசாபுரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிகள் கற்றுக்கொடுத்த குரோஷா லேஸ், வீடு வீடாகப் பரவியது. ஐரோப்பிய மேஜைகளை அலங்கரித்த விரிப்புகள் கோதாவரிக் கிராமத்துத் திண்ணைகளில் பின்னப்பட்டவை. 2024ல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஜெர்மானிய சமூகவியலாளர் மரியா மீஸ் எழுபதுகளின் இறுதியில் அங்கே தங்கி ஆராய்ந்து, 1982ல் வெளியிட்ட புத்தகம் உலகப் புகழ் பெற்றது. அவர் கண்டது எளிமையானது, கசப்பானது. ஏற்றுமதியாளர்கள் பணம் பண்ணினார்கள். பின்னிய பெண்களுக்கோ, வீட்டு வேலைக்கு மேல் ஒரு நாளில் ஆறேழு மணி நேரம் உழைத்தும், வயலில் கூலி வேலை செய்யும் பெண் சம்பாதிப்பதைவிடக் குறைவாகவே கிடைத்தது. காரணம், அவர்களைத் தொழிலாளிகள் என்று யாருமே நினைக்கவில்லை. 'சும்மா வீட்டில் இருக்கும் நேரத்தில் செய்வதுதானே' என்ற ஒற்றை வாக்கியம், கூலி, நேரம், சங்கம் என்ற பேச்சையெல்லாம் அடைத்துவிட்டது. பெண்களே கூடத் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். வயலுக்குப் போகாமல் வீட்டோடு இருப்பது கௌரவம் அல்லவா?

இன்று சித்தூரில் ஒரு கடைக்காரரிடமிருந்து ரவிக்கைத் துணி வாங்கி வந்து வீட்டில் மணி கோக்கும் பெண்ணுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். வாடிக்கையாளர் கொடுக்கும் தொகை ஆயிரங்களில் இருக்கலாம். அதில் ஊசி பிடித்த கைக்கு வருவது எவ்வளவு, அது எத்தனை மணி நேரத்துக்கு என்பதை அவர் ஒரு நோட்டில் எழுதிவைத்தாலே பாதித் தெளிவு வந்துவிடும். நூல், மணி, துணி, மின்சாரம் போக மிச்சத்தை மணிக் கணக்கால் வகுத்து, அதே ஊரின் விவசாயக் கூலியோடு ஒப்பிட வேண்டும். குறைவாக வந்தால் அது கலை அல்ல, தள்ளுபடி.

அரசு தரும் கைப்பிடிகள் சில உண்டு. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பொருள் ஆணையர் அலுவலகம் எம்பிராய்டரி போன்ற கைவினை செய்பவர்களுக்கு அடையாள அட்டை வழங்குகிறது. கண்காட்சிகளில் கடை போடவும் திட்டங்களில் சேரவும் அதுதான் முதல் சீட்டு. 2023 செப்டம்பரில் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் தையல்காரர்களுக்கு இடம் உண்டு. முதலில் ஒரு லட்சம், அடுத்து இரண்டு லட்சம் ரூபாய்வரை 5 சதவீத வட்டியில் கடன் என்பது அதன் வாக்குறுதி.

பெட்டியைத் திறந்த பிறகு

விற்கிற எண்ணமே இல்லாதவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு வேண்டியது அந்த நான்காவது பூ. அதற்கும் சில விதிகள் இருக்கின்றன.

முதலில் துணியைச் சோதிக்க வேண்டும். முப்பது வருட மடிப்பில் இழை இற்றுப்போயிருக்கலாம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மடிப்பில் விரிசல் இருந்தால் பின்னால் மெல்லிய மல் துணி ஒன்றை வைத்துத் தைப்பது நல்லது. பழைய சிவப்பு, கறுப்பு நூல்கள் சாயம் விடும். ஈரப் பஞ்சால் பின்பக்கம் ஒற்றிப் பார்த்த பிறகே தண்ணீரில் போட வேண்டும். துருக்கறைக்கு எலுமிச்சையும் உப்பும் கைவைத்தியம். ஆனால் அதையும் ஓர் ஓரத்தில் சோதித்த பிறகுதான்.

அடுத்தது நூல். எட்டு மீட்டர் நூல் கண்டு, ஆறு இழை என்ற கணக்கு மாறவில்லை. அன்றைக்கு ஆறு இழையையும் சேர்த்துத் தைத்தார்களா, இரண்டாகப் பிரித்துத் தைத்தார்களா என்பதைப் பழைய பூவைப் புரட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். பழைய நிறம் வெளுத்திருக்கும். அதே எண்ணுள்ள புதிய நூல் பளிச்சென்று துருத்தி நிற்கும். ஒரு நிறம் இறக்கமாக வாங்குவது அனுபவசாலிகளின் தந்திரம். கோடு அழிந்துபோயிருந்தால், டிரேஸிங் பேப்பரில் ஊசியால் துளையிட்டு, மண்ணெண்ணெயில் கரைத்த நீலத்தைத் தடவிப் பதிக்கும் பழைய வழி இன்றும் வேலை செய்கிறது.

மூன்றாவது கண். இருபது வயதில் விட்ட வேலையை ஐம்பதில் எடுக்கும்போது வெள்ளெழுத்து குறுக்கே நிற்கும். இது தையல் மறந்துபோனதன் அடையாளம் அல்ல. படிக்கும் கண்ணாடி வேண்டும் என்பதன் அடையாளம். பகல் வெளிச்சம் இடது தோளுக்கு மேலிருந்து விழும்படி உட்கார்வதும், இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை தலைநிமிர்ந்து தூரத்தில் பார்ப்பதும் கழுத்துக்கும் நல்லது.

பலன் மனதுக்கும் உண்டு என்கிறார்கள். கை பின்னல் செய்யும் 3,545 பேரிடம் நடத்தப்பட்ட ஒரு சர்வதேசக் கருத்துக் கணிப்பு 2013ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. அடிக்கடி பின்னுகிறவர்கள் கூடுதலான அமைதியையும் மகிழ்ச்சியையும் உணர்வதாகச் சொன்னார்கள். அது அவர்களே சொன்னது. எம்பிராய்டரி அல்ல, பின்னல். ஆனாலும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் கை, அலைபாயும் மனதை இழுத்து உட்காரவைக்கும் என்பதைக் கோலம் போடுகிற ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

யாருடைய கடைசித் தையல்?

டிரங்குப் பெட்டியிலிருந்து வரும் எல்லாத் துணிகளும் திறந்தவருக்குச் சொந்தமானவை அல்ல. சில அம்மாவுடையவை. தைத்தவர் இல்லை, ஊசி மட்டும் துணியில் குத்தியபடி இருக்கிறது.

அமெரிக்காவில் 2022ல் இரண்டு பெண்கள் இதற்கென்றே 'லூஸ் எண்ட்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இறந்துபோனவர்களோ, நோயால் கை முடங்கியவர்களோ பாதியில் விட்ட கைவேலையைக் குடும்பத்தார் கொடுத்தால், எங்கோ இருக்கும் ஒரு தன்னார்வலர் அதை முடித்து இலவசமாகத் திருப்பித் தருகிறார். முகம் தெரியாத ஒருவரின் தையலை முகம் தெரியாத இன்னொருவர் தொடர்கிறார்.

சித்தூர் வீடுகளில் அதை மகள் செய்கிறாள், மருமகள் செய்கிறாள், சில வீடுகளில் எதிர்வீட்டு அம்மா செய்கிறார். அம்மாவின் தையல் நெருக்கமானது, தன்னுடையது அகலமானது என்பது மூன்றாவது பூவுக்கும் நான்காவது பூவுக்கும் இடையே பளிச்சென்று தெரியும். இயந்திரமாக இருந்தால் இந்த வித்தியாசம் குறையாகிவிடும். இங்கே அதுதான் துணியின் மதிப்பு. யார் எங்கே நிறுத்தினார், யார் எங்கே தொடங்கினார் என்பது எழுதாமலே பதிவாகிவிடுகிறது.

முடித்த உறையைத் தலையணைக்குப் போட யாருக்கும் மனம் வராது. துவைத்து, இஸ்திரி போட்டு, மறுபடி பெட்டிக்கே போகும். போகட்டும். இந்த முறை ரிங்கைக் கழற்றிவிட்டுத்தான் வைப்பார்கள்.